‘ஆல் கிளியர் சித்தப்பா!’

சொந்தக்காரங்க 63 பேர். ஒரே குரூப். நல்ல சேதின்னா போட கை துடிக்குது. கெட்ட சேதின்னா கட்டை விரல் மரத்துப்போகுது. உங்களுக்கும் இப்படித்தானா? அப்போ வாங்க, கொஞ்சம் பேசுவோம்!

ராத்திரி மணி 11.40. ஹாஸ்டல் ரூம்ல நாங்க ஆறு பேர். லேப்டாப் ஒண்ணே ஒண்ணு. ‘‘மச்சான்... ரிசல்ட் வந்திருச்சுடா!’’னு பக்கத்து ரூம்ல இருந்து ஒரு கூக்குரல். அவ்ளோதான்! அத்தனை பசங்களும் ஒரே நேரத்துல ரிஜிஸ்டர் நம்பரை அடிச்சா அந்த வெப்சைட்தான் பாவம் என்ன பண்ணும்? வெள்ளைத் திரையில ஒரு வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. எங்க தலையும்தான்.

12.25-க்கு என் பக்கம் திறந்துச்சு. ‘ரேண்டம் ப்ராசஸ்’ல ஒரு ‘யூ’. ‘சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்’ல இன்னொரு ‘யூ’. இன்ஜினீயரிங் படிக்காத புண்ணியவான்களுக்கு ஒரு விளக்கம்... ‘யூ’ன்னா ஃபெயில். நாகரிகமாச் சொன்னா, ‘மறுபடி வந்து எழுதுப்பா’. எங்க பாஷையில, அரியர்!

தலையில கை வெச்சு உட்கார்ந்திருக்கும்போதே பாக்கெட்ல ‘டொய்ங்’. எங்க ஃபேமிலி குரூப். பேரு, ‘அம்மாச்சி வீட்டு ஆலமரம்’. அம்மாச்சியோட பிள்ளைங்க ஏழு பேர். அவங்க பிள்ளைங்க, மருமகன்கள், மருமகள்கள்னு மொத்தம் 63 உருப்படி. திருமங்கலத்துல பாதி, மதுரை, திருப்பூர், சென்னைன்னு மீதி, துபாய்ல ஒரு மாமா. கோயம்புத்தூர்ல படிக்கிற என் பெரியம்மா பொண்ணு அப்பதான் தன் மார்க்கைப் போட்டிருந்தா. எல்லாம் பாஸ். ஜி.பி.ஏ. 8.9. கீழே வரிசையா கைதட்டல், பூங்கொத்து, கேக்.

அதுக்குக் கீழேயே சித்தப்பா என் பேரைப் போட்டு, ‘‘உனக்கு என்ன ஆச்சு கண்ணா?’’ன்னு கேட்டிருந்தார். நான் பார்த்துட்டேன்னு அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்.

‘‘சைட் ஓப்பன் ஆகல சித்தப்பா...’’

காலையில எழுந்து, பல்லு கூட விளக்காம, நான் போட்ட அடுத்த மெசேஜ்தான் இந்தக் கட்டுரையோட தலைப்பு. பதிலுக்கு எனக்கும் வந்தது பாஸ் கைதட்டல், பூங்கொத்து, கேக்! வாழ்க்கையில முதல் தடவையா ஒரு கேக் எமோஜியைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைச்சது.

சரி, ஏன் அப்படிச் சொன்னேன்? ஒரு வருஷமா இந்தக் கேள்வியை மண்டையில போட்டு உருட்டிக்கிட்டு இருக்கேன். உங்ககிட்டயும் கொஞ்சம் உருட்டலாம்னுதான் எழுதறேன்.

மஞ்சள் தடவுன கடுதாசி!

முதல்ல ஒரு ஃப்ளாஷ்பேக். செல்போன் இல்லாத காலத்துல எங்க சொந்தபந்தம் சேதி சொல்லிக்கிட்ட கதையை அப்பாகிட்ட கேட்டேன். மனுஷன் ரெண்டு மணி நேரம் விடலை.

நல்ல சேதின்னா கடுதாசியோட நாலு மூலையிலயும் மஞ்சள் இருக்கும். பிரிக்கறதுக்கு முன்னாடியே வீட்டுல சிரிப்பு வந்துரும். சாவுச் சேதி சுமந்து வர்ற கடுதாசியைப் படிச்ச கையோட கிழிச்சுப் போட்டுருவாங்க. வீட்டுக்குள்ள வெச்சுக்கறது ஆகாதாம். அவசரம்னா தந்தி. ‘தந்தி வந்திருக்கு’ன்னு போஸ்ட்மேன் சைக்கிள் மணி அடிச்சாலே, உள்ள என்ன எழுதியிருக்குன்னு பார்க்காமலேயே அப்பத்தா ஒப்பாரியை ஆரம்பிச்சுருமாம். ஒரு தடவை வந்தது எங்க பெரியப்பாவுக்கு வேலை கிடைச்ச தந்தி! விஷயம் தெரிஞ்சு ஒப்பாரியை நிப்பாட்டவே அரை மணி நேரம் ஆச்சாம். அந்தத் தந்தி சேவையை 2013 ஜூலையோட நம்ம நாட்டுல மூடிட்டாங்க.

அப்புறம் மஞ்சள் போர்டு மாட்டுன எஸ்.டி.டி. பூத். கண்ணாடிக் கூண்டுக்குள்ள நின்னு பேசும்போது, கண்ணு மட்டும் மீட்டர்ல ஓடுற சிவப்பு எண்கள் மேலேயே இருக்கும். ராத்திரி ஆக ஆகக் கட்டணம் குறையும்கிறதால, குழந்தை பிறந்த சேதியே ஒன்பது மணிக்கு மேலதான் அடுத்த ஊருக்குப் போகுமாம்.

பள்ளிக்கூட ரிசல்ட் பேப்பர்ல வரும். உங்க நம்பர் இருந்தா பாஸ். இல்லைன்னா... ‘‘பேப்பர்ல பிரின்ட் ஆகாம விட்டுப்போச்சு’’ன்னு அப்பா ரெண்டு நாள் சமாளிச்சிருக்கார். ஆக, எனக்கு இது பரம்பரை வியாதி! ஆனா, அந்தக் காலத்து ரிசல்ட்டுல ஒரு கொடுமை உண்டு. மாநில முதலிடம், மாவட்ட முதலிடம்னு ரேங்க் போட்டு ஊர் முழுக்கக் கொண்டாடுவாங்க. பொதுத் தேர்வுல அந்த ரேங்க் அறிவிப்பைத் தமிழ்நாடு அரசு 2017-ல் நிறுத்திருச்சு. அரசாங்கம் நிறுத்துனா என்ன, ஆலமரம் நிறுத்துமா? இன்னிக்கும் குரூப்ல தனி ரேங்க் லிஸ்ட் ஓடுது!

கெட்ட சேதிக்கு எங்க பக்கம் ‘கேதம் சொல்றது’ன்னு பேரு. ஊர் ஊரா நடந்து போய், ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு இன்னார் தவறிட்டாருன்னு சொல்லணும். இதையும் அப்பா மறைக்காம சொன்னார்: அந்த வேலையைப் பல ஊர்கள்ல தலித் மக்கள் தலையிலயே கட்டி வெச்சிருந்தாங்க. வெயில்ல நடந்து வந்த மனுஷனை வீட்டுக்குள்ள கூப்பிடாம, வாசலோட அனுப்பி வெச்சிருக்காங்க. ‘அந்தக் காலத்துல எல்லாம் எவ்வளவு ஒற்றுமை’ன்னு யாராவது பெருமூச்சு விட்டா, இதையும் சேர்த்து ஞாபகம் வெச்சுக்கணும் பாஸ்.

அரியருக்கு மொய் உண்டா?

அப்பா பேசி முடிச்சதும் எனக்கு ஒண்ணு புரிஞ்சது. சும்மா தெரிஞ்சுக்கறதுக்காக மட்டும் அன்னிக்கு யாரும் சேதி சொல்லலை. சேதி வந்தா கேட்டவங்களுக்கு ஒரு வேலை இருந்தது.

குழந்தைக்குக் காது குத்துன்னா, தாய்மாமன் மடியில உட்கார வைக்கணும். அவர் இல்லாம ஆசாரி ஊசியைத் தொடக்கூட மாட்டார். பொண்ணு பெரிய மனுஷி ஆனா மாமன் சீர் வரணும். கல்யாணம்னா மொய். எங்க மதுரை, தேனிப் பக்கம் இதைச் ‘செய்முறை’ன்னு சொல்லுவோம். மண்டப வாசல்ல ஒரு மேஜை, ஒரு நோட்டு, ஒரு அண்டா. ஊர், பேரு, தொகைன்னு வரிசையா எழுதுவாங்க. நாளைக்கு அவங்க வீட்டு விசேஷத்துல அதே தொகையை, கொஞ்சம் கூடவே வெச்சு, திருப்பிச் செய்யணும். மறந்தா மானம் போயிரும். தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கமெல்லாம் ஆடி, ஆவணியில மொய் வாங்குறதுக்காகவே விருந்து வைக்கறாங்க. கிடா வெட்டி சோறு போட்டு, வசூலாகற பணத்துல கடை வைக்கறாங்க, போர் போடுறாங்க, கடனை அடைக்கறாங்க. வங்கி வாசல்ல நிக்காம ஊரே சேர்ந்து கொடுக்கற லோன்! (திருப்பிச் செய்ய முடியாம முழி பிதுங்குற குடும்பங்களும் உண்டு. அது தனிக் கதை.)

சாவு விழுந்தா துட்டி கேட்கப் போகணும். ஒண்ணும் பேச வேண்டாம், பக்கத்துல போய் உட்கார்ந்தாலே போதும். ஆஸ்பத்திரின்னா ஆரஞ்சும் ஹார்லிக்ஸும். எதுக்கு எப்படி நடந்துக்கணும்னு அத்தைக்கும் மாமாவுக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரத்தத்துலயே ஊறிப்போனது.

இப்போ சொல்லுங்க. அரியருக்கு என்ன செய்முறை? கேம்பஸ் இன்டர்வியூல ஆறாவது தடவை ரிஜெக்ட் ஆனா என்ன சீர்? மனசு சரியில்லை, ரெண்டு வாரமாத் தூக்கம் வரலைன்னா அதுக்கு ஆரஞ்சு வாங்கணுமா, ஹார்லிக்ஸா? தெரியாது! என்ன பண்றதுன்னு தெரியாததாலதான் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கறாங்க... ‘‘ஏன்?’’

ஏன் ஃபெயிலான? ஏன் ஒழுங்காப் படிக்கல? ஏன் போனையே நோண்டிக்கிட்டு இருக்க? 63 பேர் ஆளுக்கு ஒரு ‘ஏன்’ கேட்டா, அதைத் தாங்கறதுக்குப் பயந்துதான் நாம ‘ஆல் கிளியர்’னு அடிக்கறோம். அவங்களும் கெட்டவங்க இல்லை. நாமளும் புளுகணும்னு ஆசைப்பட்டுப் புளுகலை. ரெண்டு பக்கமும் ஒத்திகை இல்லாத நாடகம்!

கேம்பஸ் குரல்கள்

நான் மட்டும்தான் இப்படியான்னு கேன்டீன்ல ஒரு ரவுண்டு அடிச்சேன். பேரு போட வேண்டாம்னு எல்லாரும் சத்தியம் வாங்கிக்கிட்டாங்க.

மெக்கானிக்கல் மச்சி ஒருத்தன்: ‘‘பைக்ல விழுந்து கையில பிளேட் வெச்சிருக்காங்க மாப்ள. வீட்டுக்கு இன்னும் தெரியாது. மூணு மாசமா வீடியோ கால்ல கழுத்துக்கு மேலதான் காட்டுறேன். அம்மா ‘என்னடா எப்பப் பார்த்தாலும் பாஸ்போர்ட் போட்டோ மாதிரியே நிக்கிற?’ங்குது. சொன்னா என்ன ஆகும்? பைக் சாவி போயிரும். பைக் வாங்கிக் கொடுத்த மாமாவுக்கும் டோஸ் விழும். அந்த மனுஷனுக்காகத்தான்டா மறைக்கறேன்.’’

ஃபைனல் இயர் அக்கா ஒருத்தங்க, வீட்டுலயே முதல் பட்டதாரி. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையில படிக்கறவங்க. ‘‘எங்க அண்ணனுக்கு கேம்பஸ்ல செலக்ட் ஆனதும் அப்பா ஊருக்கே ஸ்வீட் கொடுத்தார். அவன் பாஸ் அவுட் ஆனது 2022. ஆஃபர் லெட்டர் கையில இருக்கு, ஜாயினிங் தேதி மட்டும் மாசக்கணக்கா வரவே இல்லை. அந்த வருஷம் நிறைய பேருக்கு அப்படித்தான். ‘என்ன, பையன் இன்னும் வீட்டுலயே இருக்கான்?’னு கேட்டுக் கேட்டு, அப்பா டீக்கடைக்குப் போறதையே நிறுத்திட்டார். அதனால எனக்குக் கிடைச்சப்போ, முதல் மாசச் சம்பளம் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு அவர்தான் சொன்னார்.’’

விஸ்காம் தோழி: ‘‘எனக்கு நல்ல சேதிதான் பயம்! ஷார்ட் ஃபிலிமுக்குப் பரிசு வாங்குனேன். போட்டோவை குரூப்ல போட்ட பத்தாவது நிமிஷம் ஒரு அத்தை, ‘பொண்ணு களையா இருக்கா, ஜாதகம் எடுத்துட்டீங்களா?’ன்னு அம்மாகிட்ட கேட்டுட்டாங்க. அந்தப் போட்டோ எங்கெங்கேயோ சுத்தி, யாருன்னே தெரியாத ஒரு வீட்டுல ‘பொண்ணு போட்டோ’வாப் போய் நின்னுச்சு. படத்தைப் பத்தி ஒருத்தர் கேட்கலையே?’’

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. கண்ணு மட்டும் சிரிக்கலை.

அமைதியான ஆலமரம்

இதுவரைக்கும் நாம மறைக்கறதைப் பத்திதானே பேசுனோம்? இப்போ சீனை அப்படியே திருப்பிப் போடறேன்.

போன வருஷம் மே மாசம். நாலாவது செமஸ்டர் பரீட்சை. கூடவே அந்த ரெண்டு அரியரும் யாருக்கும் தெரியாம எழுதுறேன். ஒரு நாள் கவனிச்சா, ஆலமரத்துல சத்தத்தையே காணோம். குட் மார்னிங் ரோஜாப்பூ இல்லை. ‘இதை 10 பேருக்கு அனுப்புங்கள்’ இல்லை. துபாய் மாமாவோட தத்துவம் இல்லை. ‘அப்பாடா, நிம்மதி’ன்னு நான் பாட்டுக்குப் படிச்சேன். உண்மையச் சொன்னா சந்தோஷமாக்கூட இருந்துச்சு.

பதினோரு நாள் கழிச்சு, கடைசிப் பரீட்சை முடிஞ்சு பஸ் ஏறி வீட்டுக்குப் போனா, வீடு பூட்டியிருக்கு. பக்கத்து வீட்டுக்காரம்மா, ‘‘ஏன் தம்பி, ஆஸ்பத்திரிக்கு நேராப் போகலியா?’’ன்னாங்க.

அம்மாச்சி பாத்ரூம்ல வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு உடைஞ்சு, ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வாரம் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரி வராண்டாவுல சித்தி பையன் உட்கார்ந்திருந்தான். ஏழாம் கிளாஸ். அவன் கையில சித்தியோட போன். ஒரு குரூப் திறந்திருக்கு. பேரு, ‘அம்மாச்சி ஆஸ்பத்திரி’. மொத்தம் 61 பேர். யார் ரத்தம் கொடுத்தது, யார் ராத்திரி தங்குறது, யார் இட்லி கொண்டுவர்றது, டாக்டர் என்ன சொன்னார்... எல்லாம் நிமிஷத்துக்கு நிமிஷம் இருக்கு. 63-ல குறைஞ்ச அந்த ரெண்டு பேர் யார் தெரியுமா? நானும், கோயம்புத்தூர்ல பரீட்சை எழுதிக்கிட்டிருந்த பெரியம்மா பொண்ணும்!

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்... வராண்டாவுலயே அம்மாகிட்ட கத்திட்டேன். ‘‘நான் என்ன சின்னப் புள்ளையா? அம்மாச்சிக்கு ஏதாவது ஆகியிருந்தா? கடைசியா ஒரு தடவை மூஞ்சியப் பார்க்க விட்டிருப்பீங்களா? யாரைக் கேட்டு மறைச்சீங்க?’’

அம்மா நிதானமா டிபன் பாக்ஸைக் கழுவி வெச்சுட்டு வந்தாங்க.

‘‘பரீட்சை நேரம், புள்ள மனசு ஒடைஞ்சிரும்னு மறைச்சோம். தப்புதான். நீ எதுக்குய்யா மறைச்ச?’’

‘‘நான் எதை மறைச்சேன்?’’

‘‘ரெண்டு பேப்பரை.’’

எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. யாரு சொன்னதுன்னு கேட்டேன்.

‘‘யாரு சொல்லணும்? ஃபீஸ் கட்டுற சீட்டுல ஒன்னோட நம்பர் இருக்கு. பிறந்த தேதி போட்டாப் பார்க்கலாமாம்ல? நீ பிறந்த தேதி எனக்குத் தெரியாதா?’’

ரிசல்ட் வந்த மறுநாளே பார்த்திருக்காங்க. மூணு மாசம்... நானா சொல்லுவேன்னு காத்திருந்திருக்காங்க. வாரா வாரம் போன்ல, ‘‘படிப்பு எப்படிப் போகுது?’’ன்னு கேட்டது சும்மா கேட்டது இல்லை. ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு வாய்ப்பு கொடுத்திருக்காங்க. நான் ஒவ்வொரு தடவையும், ‘‘சூப்பராப் போகுதும்மா’’ன்னு சொல்லியிருக்கேன்.

‘‘மறுபடி எழுத விடுவாங்களா?’’

அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரியில நான்தான் தங்கினேன். அம்மாச்சிக்குத் தூக்கம் வரலை. எனக்கும்தான். ரெண்டு மணி வாக்குல, ‘‘ஏன்டா மூஞ்சி இப்படி இருக்கு?’’ன்னு கேட்டுச்சு. சொல்லிட்டேன். அம்மாச்சிக்கு அரியர்னா என்னன்னு தெரியாது. ரெண்டு பரீட்சையில தோத்துட்டேன்னு சொன்னேன்.

‘‘மறுபடி எழுத விடுவாங்களா?’’

‘‘விடுவாங்க அம்மாச்சி.’’

‘‘எம்புட்டு நாளைக்கு?’’

‘‘படிப்பை ஏழு வருஷத்துக்குள்ள முடிக்கணும். அதுக்குள்ள எழுதிக்கலாம்.’’

கொஞ்ச நேரம் ஃபேனையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. ‘‘எனக்கு கம்பு ஊனாம நடக்கவே மூணு மாசத்துக்கு மேல ஆகும்னு டாக்டரு சொல்றாரு. 76 வயசுல நான் நடை பழகணும். ஒனக்கு ஏழு வருசம் குடுத்திருக்கான். அதுக்கு இந்த மூஞ்சியா? தண்ணி எடு.’’

இதோட படம் சுபம்னு நினைச்சா... அதுதான் இல்லை! மறுநாள் காலையில இருந்து அம்மாச்சியைப் பார்க்க வந்த ஒருத்தரையும் விடலை. ஹார்லிக்ஸை வாங்கி மேஜையில வெச்ச கையோட, ‘‘எம் பேரனுக்கு ரெண்டு பரீட்சை போயிருச்சாம். மறுபடி எழுதப் போறான்’’னு ஒலிபரப்பு. நெட் இல்லை, டவர் இல்லை, ஒரே நாள்ல 63 பேருக்கும் சேதி போயிருச்சு!

நான் பயந்த ‘ஏன்’கள் வந்துச்சா? வந்துச்சு. ஒரு அஞ்சாறு. நான் செத்துப்போகலை. ஆனா, நான் எதிர்பார்க்காத வேற சிலதும் வந்துச்சு. ‘உனக்கு என்ன ஆச்சு கண்ணா’ன்னு கேட்டாரே சித்தப்பா, அவர் என்னைத் தனியா டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போனார். பாலிடெக்னிக்ல நாலு பேப்பர் போனதாலதான் அவர் படிப்பை விட்டாராம். இன்னிக்கு வரைக்கும் சித்திக்குக்கூட முழுசாத் தெரியாதாம். ‘‘அன்னிக்கு ஒரு ஆள்கிட்டயாவது சொல்லியிருந்தா, எழுதி முடிச்சிருப்பேன்டா’’ன்னார். 27 வருஷம் கழிச்சு ஒரு மனுஷன் தன் அரியரைச் சொல்றார். டீ ஆறிப்போச்சு.

பெங்களூருல வேலை பார்க்கற அத்தை பையன், அவனும் இ.சி.இ. தான். ‘‘மாப்ள, சிக்னல்ஸ்ல எனக்கும் ஒரு தடவை போச்சு. ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோ கால்ல வா’’ன்னான். ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு நவம்பர் வரைக்கும் 14 ஞாயிறு. ஒரு வாரம் ஃபூரியர், ஒரு வாரம் லாப்ளாஸ். என் நோட்டோட கடைசிப் பக்கத்துல தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன். ஊர், பேரு, தொகைன்னு எழுதுவாங்களே... அந்த மாதிரி. சித்தி பையன் காலேஜுக்கு வரும்போது நான் 14-க்கு மேல ஒண்ணு சேர்த்துச் செய்யணும்ல?

அரியருக்கு மொய் உண்டான்னு கேட்டேனே, உண்டு பாஸ். ஆனா, விசேஷம்னு நாம சொன்னாத்தானே மொய் வைக்க வருவாங்க!

குரூப்ல தட்டறதுக்கு முன்னாடி...

பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை உங்களுக்குச் சும்மா தர்றேன். வெச்சுக்கங்க.

* கெட்ட சேதியை முதல்ல ஒரே ஒரு ஆள்கிட்ட சொல்லுங்க. அம்மாவோ, அக்காவோ, அத்தை பையனோ. 63 பேர்கிட்ட சொல்றது எப்படின்னு அந்த ஒருத்தர் பார்த்துக்குவார்.

* சொல்லும்போதே அடுத்து என்ன செய்யப் போறீங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க. ‘ரெண்டு போச்சு’ன்னா ‘ஏன்’ வரும். ‘ரெண்டு போச்சு, நவம்பர்ல எழுதறேன், சிக்னல்ஸ் சொல்லித்தர ஆள் வேணும்’னா, ஆள் வரும்.

* விபத்து, ஆஸ்பத்திரின்னா மெசேஜ் வேண்டாம், போன் பண்ணுங்க. அடிபட்டவுடனே 108. அப்புறம் குரூப்ல எந்த ஆஸ்பத்திரி, இப்போ எப்படி இருக்காங்க, என்ன உதவி வேணும், யார்கிட்ட பேசணும்... இந்த நாலும் ஒரே மெசேஜ்ல இருக்கணும். இல்லைன்னா 63 போன் வரும்.

* சேதி யாருடையதோ, அவங்ககிட்ட கேட்டுட்டுப் போடுங்க. தங்கச்சி மார்க், அண்ணி கர்ப்பம், மாமாவோட ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் நம்ம சொத்து இல்லை.

* மார்க் ஷீட், ஆஃபர் லெட்டரை அப்படியே போட்டோ எடுத்துப் போடாதீங்க. ரிஜிஸ்டர் நம்பர், பிறந்த தேதி, சம்பளம், முகவரி எல்லாம் ஊர் சுத்தும். ஒரு வாட்ஸ்அப் குரூப்ல இன்னிக்கு 1,024 பேர் வரைக்கும் இருக்கலாம். யாரு என்னன்னு யாருக்குத் தெரியும்?

* யார் வேணா உங்களைக் குரூப்ல கோக்கறாங்களா? உங்களை யார் சேர்க்கலாம்னு நீங்களே முடிவு பண்ற வசதி 2019-ல் இருந்தே வாட்ஸ்அப்ல இருக்கு. செட்டிங்ஸ்ல பிரைவஸியில ஒரு தட்டு, அவ்ளோதான்.

* பெரியவங்களுக்கு ஒரு விண்ணப்பம். பரீட்சைன்னு சொல்லி மறைக்காதீங்க. அம்மாச்சி விழுந்தா, விழுந்துச்சுன்னு சொல்லுங்க. ‘ஆபரேஷன் நல்லா முடிஞ்சது, நீ எழுதிட்டு வா, வேணும்னா நாளைக்கு ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போ’ன்னு சொன்னா எங்களுக்குப் புரியும். ஒண்ணுமே சொல்லாம விட்டா, அடுத்த தடவை குரூப் அமைதியா இருந்தாலே எங்களுக்கு வயித்தைக் கலக்குது.

* யார்கிட்டயும் சொல்லவே முடியாத அளவுக்கு மனசு பாரமா இருக்கா? 14416-க்குப் போன் பண்ணுங்க. டெலி மானஸ், அரசாங்கத்தோட இலவச மனநல உதவி எண். தமிழ்லயே பேசலாம். தமிழ்நாட்டுல 104-ம் இருக்கு. ‘ரெண்டு பேப்பருக்கெல்லாம் போன் பண்ணுவாங்களா?’ன்னு நினைக்காதீங்க. தாராளமாப் பண்ணலாம்!

கடைசியா ஒரு மெசேஜ்

நவம்பர்ல எழுதுன ரிசல்ட் கொஞ்ச நாள் முன்னாடி வந்துச்சு. அதே ரூம். அதே சுத்துற வட்டம். இந்தத் தடவை யாரும் கேட்கறதுக்கு முன்னாடி நானே ஆலமரத்துல தட்டினேன்.

‘‘அஞ்சாவது செமஸ்டர் எல்லாம் பாஸ். அரியர் ரெண்டுல சிக்னல்ஸ் கிளியர். ரேண்டம் ப்ராசஸ் மறுபடி போச்சு. 46. ரீவேல்யூவேஷன் போடறேன். வரலைன்னா ஏப்ரல்ல எழுதறேன். கணக்கு சொல்லித்தர யாராவது இருக்கீங்களா?’’

அனுப்பிட்டு போனைக் கவுத்து வெச்சுட்டேன். நெஞ்சு அடிச்சுக்கிச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திருப்பிப் பார்த்தா, சித்தப்பா கட்டை விரல் காட்டியிருக்கார். கோயம்புத்தூர்க்காரி, ‘‘எனக்கு அதுல நல்ல மார்க்கு, நான் சொல்லித் தர்றேன், ட்ரீட் வேணும்’’னு போட்டிருக்கா. ஒரு பெரியப்பா மட்டும், ‘‘ஏன் 46?’’னு கேட்டிருந்தார். அவரைத் திருத்த முடியாது, விடுங்க!

அம்மாச்சிகிட்ட போன் இல்லை. அம்மா போய் நேர்ல சொல்லியிருக்காங்க. அம்மாச்சி இப்போ கம்பு இல்லாம வாசல் வரைக்கும் நடக்குது. அங்கே இருந்து திரும்பி வர்றதுக்குத்தான் ஒரு கை வேணும். ‘‘ஒண்ணுதான பாக்கி? எனக்கும் இந்தத் திரும்பி வர்றதுதான் பாக்கின்னு அவன்கிட்ட சொல்லு’’ன்னுச்சாம்.

ஏப்ரல்ல ரெண்டு பேரும் முடிச்சுருவோம்னு நினைக்கிறேன். முடிச்சா முதல் சேதி ஆலமரத்துக்கு. முடிக்கலைன்னாலும்தான்!

சரி, நீங்க யார்கிட்டயோ சொல்லாம வெச்சிருக்கீங்களே ஒண்ணு... அதை எப்போ சொல்லப் போறீங்க?